தறிப் பாட்டுக்கு வீடியோ எடுக்கும் முன்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நண்பர்கள் சேர்ந்து கைத்தறி நெசவைப் பற்றி நான்கு நிமிடப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். இனி வீடியோ எடுக்க வேண்டும். நல்ல மியூசிக் வீடியோக்களாகத் தேடிப் பார்த்துக் குறிப்பு எடுக்கிறேன். ஆனால் கேமராவைக் கையில் எடுத்தால் பார்த்ததன் நகல்தான் வருகிறது. கேமரா, எடிட்டிங் இரண்டையும் எப்படி ஆராய்ந்தால் சொந்தமாக ஏதாவது தோன்றும்?"

உங்கள் குறிப்பேட்டில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். கோட்டை அகழிக்கு மேல் ட்ரோன், ஸ்லோ மோஷனில் நடை, வண்ணப் புகை, முகத்தில் பாதி நீலம் பாதி சிவப்பு. வேலூர்ப் பக்கம் எடுக்கப்படும் தனிப்பாடல் வீடியோக்களில் இந்த நான்கும் சலிக்கச் சலிக்க வந்துவிட்டன. படத்தில் என்னென்ன இருந்தன என்ற பட்டியல் இது. அந்தப் படம் ஏன் அந்த நொடியில் வந்தது என்பது பட்டியலில் இல்லை. காரணத்தை விட்டுவிட்டுக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் நகல் வராமல் வேறு என்ன வரும்?

ஒரு பாட்டுக்குள் பல ஓட்டங்கள் ஒரே நேரத்தில் போகின்றன. தாளம் ஒன்று, பாடும் குரல் ஒன்று, சொல்லின் பொருள் ஒன்று, பின்னால் இழையும் வயலினோ கீபோர்டோ ஒன்று. வீடியோவின் ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு வெட்டும் இவற்றில் ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்கிறது. எதற்குப் பதில் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதைத்தான் நான் ஆராய்ச்சி என்பேன். எந்த லென்ஸ், எந்த கிம்பல் (கேமரா ஆடாமல் தாங்கும் கைப்பிடி) என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வரும் உபகரணப் பேச்சு.

இதைத் துலக்கமாகக் காட்டும் வீடியோ ஒன்று உண்டு. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இசை இணையரின் 'அரவுண்ட் தி வேர்ல்ட்' பாட்டுக்கு 1997இல் இயக்குநர் மிஷல் கோந்த்ரி எடுத்தது. மேடையில் ஐந்து விதமான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் பாட்டின் ஒரு கருவி. பேஸ் கிட்டார் சுரங்களில் ஏறி இறங்கும்போது ஒரு குழு படிக்கட்டில் ஏறி இறங்குகிறது. டிரம் மெஷினுக்கு மம்மிகள், கிட்டாருக்கு எலும்புக்கூடுகள், குரலுக்கு ரோபோக்கள். கேமரா பெரும்பாலும் விலகி நின்று மேடை முழுவதையும் பார்க்கிறது. ஆட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, நடுவில் குளோசப்பைச் செருகும் வழக்கம் கோந்த்ரிக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கருவி எங்கே நுழைகிறது என்று நம் கண்ணே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். இசைப் பயிற்சியே இல்லாதவர்கூட அதை ஒருமுறை பார்த்தால் அந்தப் பாட்டின் அமைப்பைச் சொல்லிவிடுவார். இங்கே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மம்மியையும் எலும்புக்கூட்டையும் அல்ல. 'ஒரு கருவிக்கு ஓர் உடல்' என்ற அந்த உறவை.

இனி வேலைக்கு வருகிறேன். உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வேண்டாம். முதலில் திரையை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். பல்லவி எங்கே தொடங்குகிறது, தாளம் எங்கே நின்று குரல் மட்டும் தனியாகிறது, இடையிசை எங்கே, பாடுபவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை நேரத்தோடு குறியுங்கள். பிறகு சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். இரண்டாவது வேலைதான் கடினம். நல்ல பாட்டு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். சத்தம் இருக்கும்வரை வெட்டுகள் கண்ணில் படாது. அப்படிப் படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எடிட்டர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

விஎல்சி பிளேயரில் ஆங்கில 'ஈ' விசையைத் தட்டினால் படம் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனி நிலைப்படமாக நகரும். யூடியூப்பில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னே, காற்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃபிரேம் பின்னே போகும். கணக்கு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: நேரம், ஃபிரேமுக்குள் என்ன இருக்கிறது, கேமரா எப்படி அசைகிறது, பாட்டில் எதற்குப் பதில். முதல் மூன்றையும் யாரும் நிரப்பிவிடலாம். நான்காவது பத்தி தொடர்ந்து காலியாகவே வருகிறது என்றால், அந்த இடத்தில் இயக்குநரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது, எடுத்து வைத்திருந்ததைப் போட்டு நிரப்பியிருக்கிறார் என்று அர்த்தம். பேர்பெற்ற வீடியோக்களிலும் இப்படி இடங்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும்போது வரும் அற்பமான மகிழ்ச்சியும் படிப்பின் ஒரு பகுதிதான்.

கொஞ்சம் கணக்கும் வேண்டும். உங்கள் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 90 தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நிமிடத்தில் 360 தட்டுகள். நான்கு தட்டு ஒரு சுற்று என்றால் 90 சுற்றுகள். நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 20 ஃபிரேம்; 24 ஃபிரேமில் எடுத்தால் 16. கட்டம் போட்ட தாளில் 90 கட்டங்களை வரிசையாக அடையாளமிட்டு, நீங்கள் ஆராயும் வீடியோவையும் அதேபோல் அதன் வேகத்துக்குக் கட்டமாக்கி, எந்தக் கட்டத்தில் எத்தனை வெட்டு விழுகிறது என்று புள்ளி வையுங்கள். நான்கு நிமிடத்தில் 80 ஷாட் என்றால் சராசரி மூன்று நொடி. ஆனால் சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். இடையிசையில் நாற்பது ஷாட்டைத் திணித்துவிட்டு, சரணத்தில் ஒரே முகத்தை இருபது நொடி அசையாமல் விட்டிருப்பார்கள். தாளில் புள்ளிகளின் நெரிசலைப் பார்த்தால்தான் அது தெரியும். எங்கே நெருக்குகிறார்கள் என்பதைவிட எங்கே வெட்டாமல் பொறுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வெட்டு எந்த ஃபிரேமில் விழுகிறது என்பது தனிக் கதை. புதிதாக எடிட்டிங் பழகுகிறவர்கள் ஒலியைக் கோடாகக் காட்டும் அலைவரைபடத்தில் மத்தளத்தின் முனை எங்கே எழுகிறதோ அங்கேயே கத்தியை வைப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெட்டு. அரை நிமிடத்தில் பார்ப்பவருக்குத் தலை வலிக்கும், அடுத்து என்ன வரும் என்பதும் தெரிந்துவிடும். தேர்ந்தவர்கள் பலர் தட்டுக்கு ஓரிரு ஃபிரேம் முன்பே வெட்டுகிறார்கள். காது விரைவானது, கண்ணுக்குப் புதிய படத்தை வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் வேண்டும். முன்கூட்டி வெட்டினால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து விழுந்த உணர்வு கிடைக்கும். இன்னும் நல்ல வழி, வெட்டை அசைவின் நடுவே மறைத்துவிட்டு, அசைவு முடியும் இடத்தைத் தட்டில் வைப்பது. கை மேலே போகும்போது வெட்டு. கை கீழே வந்து விழும்போது தட்டு. நம்முடைய பழைய சினிமாப் பாட்டுகளின் நடனங்களைச் சத்தமில்லாமல் பார்த்தால் இதை நிறையப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இரவு 'ஒலியும் ஒளியும்' பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தப் பாடம் பெயர் தெரியாமலே உள்ளே போயிருக்கிறது.

கேமராவைப் பொறுத்தவரை நான் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் ஊருக்கு அது மிகவும் பொருந்தும். நமக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. எல்லோரும் பின்னால் மலை தெரிய வேண்டும் என்று ஆளை நிறுத்தி, மொபைலை நான்கடி தூரத்தில் வைத்து எடுக்கிறார்கள். படத்தில் ஆள் பெரிதாகவும் மலை கரையான் புற்றளவிலும் தெரிகின்றன. அப்புறம், 'நேரில் இருக்கிற மாதிரி இல்லையே' என்ற வருத்தம். முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள அளவு விகிதத்தை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் தூரம். பாடுபவரை அங்கேயே நிற்கவிட்டு, நீங்கள் நூறடி பின்னால் போய், தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கும் நீண்ட லென்ஸில் அவரைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மலை எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் சுவராக நிற்கும். வீடியோக்களை ஆராயும்போதும் இதையே பாருங்கள்: முகத்தின் அளவு ஒன்றாக இருக்கும் இரண்டு ஷாட்டுகளில் பின்னணியின் அளவு மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் கேமரா இடம் மாறியிருக்கிறது. ஜூம் செய்ததா, தள்ளிக்கொண்டு போனதா என்ற குழப்பமும் இதிலேயே தீரும். ஜூமில் எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகும். கேமரா நகர்ந்தால் அருகில் உள்ளது விரைவாகவும் தொலைவில் உள்ளது மெதுவாகவும் மாறும்.

உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தி, முடியும் துணியும் மெதுவாக மிதக்கும் ஷாட்டுகளைப் பார்த்து வியந்திருப்பீர்கள். மந்திரமில்லை. நொடிக்கு 48 ஃபிரேமில் எடுக்கும்போது பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். பாடுபவர் அந்த வேகத்துக்கு வாயசைப்பார். 24 ஃபிரேமில் திரும்ப ஓட்டினால் உதடு சரியாகும், உடல் மெதுவாகும். படப்பிடிப்பில் பாட்டை ஓட்ட ஒருகாலத்தில் நாக்ரா என்ற சுவிட்சர்லாந்து டேப் ரெக்கார்டர் இருந்தது. இப்போது ஒரு மொபைலும் ஸ்பீக்கரும் போதும். இரு மடங்கு வேகத்தில் வாயசைப்பது சிரமமாக இருந்தால், 30 ஃபிரேமில் எடுத்து, பாட்டை 1.25 மடங்கு வேகத்தில் ஓட்டி, 24இல் திரும்ப ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஓடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நடையில் ஒரு கனம் வரும்.

ஒரே ஷாட்டில் எடுத்த வீடியோக்களின் மேல் உங்களுக்கு ஆசை வரும், வராமல் இருக்காது. ஓகே கோ என்ற அமெரிக்க ராக் குழுவினர் 2006இல் எட்டு டிரெட்மில்களை வைத்து ஆடிய வீடியோவில் கேமரா நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. வெட்டும் இல்லை, அசைவும் இல்லை. உழைப்பு மொத்தமும் ஒத்திகையில். ஒத்திகைக்கு வர உங்கள் நண்பர்கள் தயார் என்றால் செய்யுங்கள். எடிட்டிங் சிரமம் மிச்சம் என்று நினைத்து அந்த வழியில் இறங்க வேண்டாம்.

அதே கோந்த்ரி, கெமிக்கல் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேய இசை இணையரின் 'ஸ்டார் கிட்டார்' பாட்டுக்கு எடுத்த வீடியோ 2002இல் வந்தது. ரயில் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மட்டும்தான். கம்பம், கட்டடம், பாலம், எதிரே வரும் ரயில் என்று கடந்து போகும் ஒவ்வொன்றும் பாட்டின் ஓர் ஒலியோடு வந்து போகிறது. அந்த ஒலி திரும்ப வந்தால் அந்தப் பொருளும் திரும்ப வருகிறது. பார்க்கச் சாதாரணப் பயணம், உள்ளே முழுக்கக் கணினியில் கோத்த ஒரு சுரக்குறிப்பு. திட்டமிடும்போது கோந்த்ரி ஆரஞ்சுப் பழம், முட்கரண்டி போன்ற வீட்டுச் சாமான்களை வரிசையாகத் தரையில் அடுக்கி ஒத்திகை பார்த்தார்.

உங்கள் ஊர் ஸ்டேஷன் வழியாகத்தான் காட்பாடி - ஜோலார்பேட்டை பாதை போகிறது. ஒரு நாள் ஜன்னல் ஓர இருக்கையில் உட்கார்ந்து மேல்பட்டி, ஆம்பூர், வாணியம்பாடி என்று போய்வாருங்கள். மொபைலைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். கையை வெளியே நீட்ட வேண்டாம். மின்கம்பங்கள் அடுக்கடுக்காக ஓடிப்போகும், தென்னந்தோப்புகள் நடு வேகத்தில் போகும், தொலைவு மலை சுருதிப்பெட்டியைப் போல நகராமல் நிற்கும். மூன்று வேகங்கள். உங்கள் பாட்டின் எந்த ஓட்டத்துக்கு எது பொருந்தும் என்று யோசியுங்கள். வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தால் அருகிலுள்ள கம்பங்கள் சாய்ந்து தெரியும். மொபைலின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் வரும் விளைவு அது. வேகமாகக் கேமராவைத் திருப்பும் ஷாட்டுகளிலும் இதே சாய்வு வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உதாரணமாகவே அடுக்குகிறேனே என்று எனக்கே தோன்றுகிறது. நம் வடாற்காட்டில் மியூசிக் வீடியோக்காரர்கள் கவனிக்காத ஒரு பள்ளிக்கூடம் விடிய விடியத் திறந்திருக்கிறது: திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் நடக்கும் பாரதக் கூத்து. முக்கிய வேடக்காரர் நுழையும்போது இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று பாடுவார், சலங்கைச் சத்தம் வரும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். ஆளைக் காட்டுவதற்குள் பாட்டும் மத்தளமும் முகவீணையும் சேர்ந்து கூட்டத்தை ஏங்க வைத்துவிடும். திரை விலகும் நொடியைத் தாளம் முடிவு செய்கிறது. அறிமுகக் காட்சி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை. வெட்டு இல்லை, கிம்பல் இல்லை. மறைப்பதும் தள்ளிப்போடுவதும் மட்டுமே. தரையில் உட்கார்ந்து பார்ப்பதால் வேடக்காரர் வானத்தைத் தொடுகிறார் என்பதையும் கவனியுங்கள். கேமராவை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. அடுத்த கூத்துக்குப் போகும்போது மொபைலை எடுக்காமல் அதே நான்கு பத்தி நோட்டை எடுத்துப் போங்கள்.

இப்போது உங்கள் தறி. கூத்தில் திரை எப்படியோ, தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகள், அப்படி. தறிக்குழிக்கு எதிரே கேமராவைத் தாழ வைத்தால், இழைகளுக்குப் பின்னால் நெய்பவரின் முகம் கோடு கோடாகத் தெரியும். மிதிக்கட்டையை அழுத்தியதும் பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து முகம் ஒரு கணம் திறக்கும். பல்லவியின் முதல் சொல்லை அந்தத் திறப்பில் வைத்துப் பாருங்கள். இதை யாருடைய வீடியோவிலிருந்தும் நீங்கள் எடுக்கவில்லை, ஆனால் கூத்துத் திரையின் உறவு முழுசாக இதில் இருக்கிறது. சொந்தமாகத் தோன்றுவது என்று நீங்கள் கேட்டதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பிறகு தறியின் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். மிதி, நாடா (குறுக்கு இழையைக் கொண்டுபோகும் கட்டை) ஓட்டம், அடி மூன்றும் சேர்ந்த ஒரு சுற்று நிமிடத்துக்கு எத்தனை முறை வருகிறது? உங்கள் பாட்டின் வேகத்துக்கு நெய்யச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். கேமராவுக்காக நெய்யும் கை பொய்யாகத் தெரியும், குடியாத்தத்தில் அதைக் கண்டுபிடிக்காத கண் இருக்காது. அவர் போக்கில் நெய்யட்டும். தறி 80, பாட்டு 90 என்றால் அந்த ஷாட்டை எடிட்டிங்கில் 112.5 சதவீத வேகத்தில் ஓட்டுங்கள், அடி தட்டில் வந்து உட்காரும். இதைவிடப் பெரிய வித்தியாசம் என்றால் பொருத்த முயல வேண்டாம். பாட்டு வேறு, தறி வேறு என்றே விட்டு, தாளம் நின்று குரல் மட்டும் ஒலிக்கும் இடத்தில் தறியின் அசல் சத்தத்தோடு சேர்த்துக் காட்டலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் தறிச் சத்தத்தைப் பாட்டிலேயே சேர்த்திருந்தால் இன்னும் நல்லது. சேர்க்கவில்லை என்றால் இப்போதும் சேர்க்கலாம்.

தறிக்கூடத்தில் வெளிச்சம் குறைவு, டியூப்லைட்டோ எல்ஈடியோ எரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கலாம். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் பூட்டினால் படத்தில் பட்டை ஓடாது. தானியங்கியில் விட்டால் ஓடும். மொபைல்கள் பல சீரற்ற ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்வதால், எடிட்டிங்குக்கு முன் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் பாட்டின் கடைசி நிமிடத்தில் உதடு நழுவும். வெளியே எடுப்பதென்றால் பாலாற்று மணல் உங்களுக்கு இலவச ரிஃப்ளெக்டர். காலையில் சீக்கிரம் போங்கள். மாலை வெளிச்சத்தை நம்பினால், பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவான். வேலூர்க் கோட்டைக்குள் எடுக்கும் எண்ணம் இன்னும் இருந்தால், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நெசவுப் பாட்டுக்குக் கோட்டை எதற்கு என்பது என் கேள்வி.

தறிக்குப் பக்கத்தில் கேமராவை வைக்கும்போது பஞ்சுத் தூசி லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் துடையுங்கள். உங்கள் சட்டைத் துணியால் வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைக்கும் மெல்லிய துணியால்.